கூடாரம் அடிக்கத் தக்க இடம் எது?
பாராபூ நகரை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுமேற்குப் பிரதேசத்தில், விஸ்கான்சின் மாநிலத்தின் தெற்குப் பாதியில், பாராபூ என்றொரு சிறு நகரம் இருக்கிறது. சுமார் 12,500 மக்கள் வசிக்கும் இந்நகரை நோக்கி, கோடைகாலத்து வெள்ளிக்கிழமை மாலைதோறும், சிகாகோ, மில்வாக்கி, மாடிசன் முதலிய பட்டணங்களிலிருந்து கூடாரமும் படுக்கைச் சுருளும் பனிக்கட்டிப் பெட்டியும் ஏற்றிய மோட்டார் வண்டிகள் வந்தவண்ணம் இருக்கும். இரண்டு இரவுகளைச் சுவரில்லாத இடத்தில் கழிப்பதே வருவோரின் நோக்கம். எந்த இடத்தில் கழிப்பது என்னும் கேள்வி பார்வைக்கு அற்பமானதாகத் தோன்றினும், அந்நாட்டில் ஏறத்தாழ 150 ஆண்டுகளாகப் பாதிரியாரும், நகர அமைப்பு நிபுணரும், தாவர நோய் வல்லுநரும், சமூகவியலாரும் அதற்குத் தத்தம் நிலையில் நின்று விடை கூறி வந்திருக்கின்றனர். அவ்விடைகளின் பிறப்பையும் பலத்தையும் பலவீனத்தையும் பரிசீலிப்பதோடு, அவை பெரும்பாலும் ஒரே திசையில் பார்க்கத் தவறியிருக்கின்றன என்னும் ஐயத்தையும் முன்வைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேம்ப்கிரவுண்ட் என்று அந்நாட்டார் வழங்குவதைக் கூடாரத் திடல் என்றும், அதனுள் ஒரு குடும்பத்துக்கென இலக்கமிட்டு ஒதுக்கப்படும் துண்டு நிலத்தைக் கூடார மனை என்றும் இங்கே குறிப்போம். பாசறை, பாடிவீடு என்னும் பழஞ்சொற்கள் நம்மிடம் உண்டெனினும், அவை படையோடு பிறந்து படையோடு வாழ்ந்த சொற்கள். உல்லாசத்துக்காக ஒருவன் தன் வீட்டை விட்டு வெளியே உறங்கச் செல்லும் இந்த நவீன வழக்கத்துக்கு அவை பொருந்தமாட்டா.

பாராபூவின் சுற்றுப்புறம்

நகருக்குத் தெற்கே மூன்று மைல் தொலைவில் டெவில்ஸ் லேக் மாநிலப் பூங்கா இருக்கிறது. 160 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடைய குவார்ட்சைட் பாறைச் சரிவுகள் 500 அடி உயரம் எழுந்து நிற்க, அவற்றின் நடுவே 360 ஏக்கர் பரப்புள்ள ஏரி அமைந்திருக்கிறது. பனியூழியின் இறுதியில் பனியாறு கொணர்ந்து குவித்த மண்மேடுகள் பள்ளத்தாக்கின் இரு வாயில்களையும் அடைத்துவிட்டமையால் உண்டான ஏரி இது. இப்பூங்காவில் குவார்ட்சைட், நார்தர்ன் லைட்ஸ், ஐஸ் ஏஜ் என மூன்று திடல்களும், அவற்றில் நானூறுக்கு மேற்பட்ட மனைகளும் உள்ளன. வடமேற்கே மிர்ரர் லேக் மாநிலப் பூங்காவும், விஸ்கான்சின் டெல்ஸ் என்னும் கேளிக்கை நகருக்கு அருகே ராக்கி ஆர்பர் என்ற சிறு பூங்காவும் இருக்கின்றன. இவற்றோடு, நீச்சல் குளமும் சிறு குடில்களும் மின்சார வசதியும் உடைய தனியார் திடல்கள் பல. தேர்வு செய்வோனுக்குத் திகைப்பு உண்டாவது இயல்பே.

வனமே விடை என்போர்

இவ்விஷயத்தில் முதன்முதலாகப் பொதுமக்களின் காதில் விழுந்த விடை, மனித சஞ்சாரம் எங்கே குறைவோ அங்கே செல்க என்பதாகும். 1869-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்துப் பாதிரியார் வில்லியம் மரே, நியூயார்க் மாநிலத்து அடிரோண்டாக் மலைக்காடுகளைப் புகழ்ந்து ஒரு நூல் வெளியிட்டார். காட்டு வாசம் தேகத்துக்கும் ஆன்மாவுக்கும் ஔஷதம் என்று அவர் உறுதியளித்ததை நம்பி, அவ்வாண்டுக் கோடையிலேயே பட்டணத்து மக்கள் திரள் திரளாக அம்மலைக்குப் புறப்பட்டனர். சென்றவர்களுள் பலர் மழைக்கும் கொசுவுக்கும் கடிக்கும் ஈக்களுக்கும் ஆயத்தமின்றிச் சென்று அவதியுற்றமையால், ‘மரேயின் முட்டாள்கள்’ என்னும் பரிகாசப் பெயரும் அவர்களுக்குக் கிடைத்தது. இச்சித்தாந்தத்தின் உள்முரண் அப்போதே வெளிப்பட்டுவிட்டது எனலாம். ஏகாந்தத்தை எல்லோருக்கும் பரிந்துரைத்தால், எல்லோரும் போய்ச் சேர்ந்த பின்னர் அவ்விடத்தில் ஏகாந்தம் இராது.

இதே கொள்கையைப் பிற்காலத்தில் மிக நுட்பமாக வளர்த்தவர் ஆல்டோ லியோபோல்டு. இரண்டு வாரப் பிரயாணத்தை உள்ளடக்கும் அளவுக்குப் பரந்த, சாலையற்ற நிலமே வனம் எனத் தக்கது என்று 1921-இல் அவர் எழுதினார். 1924-இல் நியூ மெக்சிகோவின் ஹீலா வனம் காக்கப்பட்டதற்கு அவருடைய முயற்சியே முதற்காரணம். ஆனால் நம் ஆராய்ச்சிக்கு முக்கியமானது அவருடைய வாழ்க்கையின் மற்றொரு பகுதி. 1935-இல் அவர் விலைக்கு வாங்கியது பாராபூவுக்கு அருகே, விஸ்கான்சின் ஆற்றங்கரையில், உழுது உழுது சாரமற்றுப்போன ஒரு பண்ணை நிலத்தை. அதில் எஞ்சி நின்ற கோழிக்கூடு ஒன்றைத் துப்புரவு செய்து குடிலாக்கிக்கொண்டு, வார இறுதிதோறும் மாடிசனிலிருந்து குடும்பத்தோடு வந்து தங்கினார். வனத்தின் மகத்துவத்தை உலகுக்கு எடுத்துரைத்த மனிதர் தம் ஓய்வு நாட்களைக் கழித்த இடம், எவ்விதத்திலும் வனமென்று சொல்லத் தகாத ஒன்று. 1948-இல் அண்டை நிலத்தில் பற்றிய புல்வெளித் தீயை அணைக்கச் சென்றபோது அவர் மரணமடைந்தார். மறு ஆண்டில் வெளிவந்த அவரது கட்டுரைத் தொகுதியில், பொழுதுபோக்கின் மதிப்பு நிலத்தின் அருமையைக் காட்டிலும் காண்போனின் கூர்மையைச் சார்ந்தது என்னும் கருத்தை வற்புறுத்தும் ஒரு கட்டுரையும் இருக்கிறது. எனவே, தூரமும் தனிமையும் மட்டுமே நல்ல திடலின் இலக்கணம் என்னும் வாதத்துக்கு மிக வலிமையான மறுப்பு அவ்வாதத்தைச் சேர்ந்த பெரியாரிடமிருந்தே கிடைக்கிறது என்று கருத இடமுண்டு.

நகரின் அண்மை

இரண்டாவது விடை இதற்கு நேர் எதிரானது. நகர அமைப்பு நிபுணரான ஜான் நோலன், விஸ்கான்சின் அரசாங்கத்துக்கு 1909-இல் அளித்த அறிக்கையில், மாநிலப் பூங்காக்களாக ஆக்கத் தக்க நான்கு இடங்களைச் சுட்டினார். டெவில்ஸ் லேக் அவற்றுள் ஒன்று. உழைக்கும் மக்கள் சுலபமாக வந்து சேரக்கூடிய இயற்கையே பொதுச் செல்வத்தைச் செலவிடத் தக்கது என்பது அவருடைய நோக்கின் சாரம். 1873-இலேயே ரயில் பாதை ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டிப் போடப்பட்டு, கரையில் விடுதிகளும் எழுந்திருந்தமையால், நோலனின் யோசனை புதிதாக ஓர் இடத்தைக் கண்டுபிடித்தது என்பதைவிட, மக்கள் ஏற்கெனவே தேர்ந்துவிட்ட இடத்தை அரசாங்கம் ஏற்கும்படி செய்தது என்பதே பொருந்தும். 1911-இல் பூங்கா நிறுவப்பட்டது.

மோட்டார் வண்டி பெருகிய 1920-களில் சிறு நகரங்களே இக்கேள்விக்கு விடையளிக்க முன்வந்தன. பிரயாணிகள் தங்கினால் கடைத்தெருவில் வியாபாரம் நடக்கும் என்று எண்ணி, நாடெங்கும் நகரசபைகள் இலவசத் திடல்களை அமைத்தன. ஏழைகளும் வேலையற்றோரும் அங்கேயே நிலையாகத் தங்கத் தொடங்கவே, கட்டணம் விதிக்கப்பட்டது. பின்னர் தனியார் குடில்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ள, அவற்றிலிருந்து இன்றைய மோட்டல் தோன்றிற்று. இலவசமாக இருந்தவரை திறந்திருந்த வாயில், விரும்பத்தகாதோர் என்று கருதப்பட்டவர் நுழைந்தவுடன் மூடப்பட்டது என்னும் இச்சரித்திரம், அண்மைவாதிகளின் ஜனநாயகப் பேச்சுக்கு அடியில் இருந்த ஒரு வரம்பை வெளிக்காட்டுகிறது. 1962-இல் அறிக்கை சமர்ப்பித்த தேசிய வெளிப்புறப் பொழுதுபோக்கு ஆணைக்குழு, மக்கள் வசிக்கும் இடங்களுக்கு அருகிலேயே தேவை அதிகம் என்று மீண்டும் வலியுறுத்தியது. எனினும் அண்மை ஒருவருக்கு மட்டும் கிட்டும் நன்மை அன்று. இன்று டெவில்ஸ் லேக்குக்கு ஆண்டொன்றுக்கு இருபது லட்சத்துக்கு மேற்பட்டோர் வருகின்றனர். விஸ்கான்சின் மாநிலப் பூங்காக்களில் பதினொரு மாதத்துக்கு முன்னரே மனையைப் பதிவு செய்துகொள்ளலாம் என்னும் விதி, முன்கூட்டியே விடுமுறையை நிர்ணயிக்கக்கூடிய உத்தியோகஸ்தருக்கே சாதகமானது. வார முடிவில்தான் தன் வேலை நேரத்தை அறியும் தொழிலாளிக்கு அன்று. நோலன் யாருக்காகப் பூங்காவை வேண்டினாரோ அவர்களே அதன் வாயிலில் பின்தங்கிவிடுவது வருந்தத் தக்கது.

மண்ணின் பக்கம் நின்றவர்

மேற்கண்ட இரு சாராரும் தங்குவோனை நோக்கியே பேசினர். திடலின் நிலத்தையே நோக்கிப் பேசியவர் எமிலியோ மைனெக்கி என்னும் தாவர நோய் வல்லுநர். கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளில் பெருமரங்கள் நலிவதற்கு உல்லாசப் பிரயாணிகளின் காலடியும் வண்டிச் சக்கரமும் வேரைச் சுற்றியுள்ள மண்ணை இறுக்கிவிடுவதே காரணம் என்று அவர் கண்டார். எந்த நிழலை நாடி மக்கள் வந்தார்களோ அந்த நிழலை அவர்கள் வருகையே கொன்றுகொண்டிருந்தது. 1932-இல் வெளியிட்ட சிறு நூலில் அவர் கூறிய பரிகாரம் எளியது: ஒருவழியாகச் சுற்றிவரும் பாதை, அதிலிருந்து பிரியும் குறுகிய நிறுத்தம், வண்டி அதைத் தாண்டாதபடி பாறையோ மரக்கட்டையோ வைத்துத் தடுப்பு, மேசைக்கும் அடுப்புக்கும் நிலையான இடம். 1933 முதல் 1942 வரை வேலையற்ற இளைஞரைக் கொண்டு நடத்தப்பட்ட சிவிலியன் கன்சர்வேஷன் படை இவ்வமைப்பை நாடெங்கும் பரப்பிற்று. டெவில்ஸ் லேக்கிலும் அப்படையினர் 1935 முதல் 1941 வரை பணியாற்றிக் கற்பாதைகளையும் கட்டடங்களையும் விட்டுச் சென்றிருக்கின்றனர்.

இன்று எந்தத் திடலின் வரைபடத்தை எடுத்து விரித்தாலும் வளையமிட்ட பாதையும், அதன் இருபுறமும் பல் வரிசைபோல் அமைந்த மனைகளும் காணப்படும். அது மைனெக்கியின் கையெழுத்து. மரத்தின் வேரிடமும் பரிவு காட்டிய அம்மனிதரின் சிந்தனை போற்றத் தக்கது; ஆயினும் மண்ணைக் காக்கும் பொருட்டு மனிதரை நெருக்கி ஓரிடத்தில் நிறுத்தியதன் விளைவாக, அடுத்த மனையாரின் பேச்சு இவ்விடத்துக் கூடாரத்துள் கேட்கும் நிலைமையும் அதே வரைபடத்தினால் நிரந்தரமாயிற்று.

அண்டை மனையார்

அந்த நெருக்கத்தையே நன்மையாகக் கண்டவர்களும் உண்டு. சமூகவியலாரான பீட்டர் எட்ஸ்கார்ன் 1964-இல் வெளியிட்ட ஆய்வில், பொதுத் திடலில் தங்குவோருக்கு இயற்கையைக் காட்டிலும் சக மனிதரின் கூட்டுறவே பெரிதாக இருக்கக்கூடும் என்று காட்டினார். பட்டணத்தில் அண்டை வீட்டார் பெயரறியாதவன், இங்கே அண்டை மனையாரிடம் கோடரி இரவல் வாங்குகிறான். 1971-இல் கிளார்க், ஹெண்டி, கேம்பெல் ஆகிய மூவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, திடலை நிர்வகிப்போர் தங்குவோரின் விருப்பமென்று எண்ணியதும் தங்குவோர் உண்மையில் விரும்பியதும் வேறுபட்டிருந்தமையைச் சுட்டிற்று. 1962-இல் மாண்டானாவின் பில்லிங்ஸ் நகரில் தொடங்கிய கே.ஓ.ஏ. நிறுவனமும், 1969-இல் விஸ்கான்சினின் ஸ்டர்ஜன் பே நகரில் முதல் திடலைத் திறந்த ஜெல்லிஸ்டோன் நிறுவனமும் வர்த்தக ரீதியாக அடைந்த வெற்றியை இவ்வாய்வுகளின் வெளிச்சத்தில் புரிந்துகொள்ளலாம். குழந்தைகளோடு செல்லும் குடும்பத்துக்கு வெந்நீர்க் குளியலறையும் விளையாட்டிடமும் இருப்பதை ஏளனமாகப் பேசுவது நியாயமாகாது. ஆனால் இவ்வாய்வுகள் கேட்டறிந்தது, திடலுக்கு வந்தவர்களின் மனத்தையே. சத்தத்துக்கு அஞ்சி வராமலே நின்றுவிட்டவர்களின் மனத்தை அவை அறிய வழியில்லை.

இரவு என்னும் விஷயம்

இவ்விடைகள் அனைத்தையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது ஓர் எண்ணம் தவிர்க்க முடியாதபடி எழுகிறது. காட்சி, அண்மை, நிழல், கூட்டுறவு என்பன யாவும் பகலைச் சேர்ந்தவை. பகலில் மட்டும் ஏரியைக் காண விரும்புவோனுக்குத் திடலே தேவையில்லை. மாலையில் வீடு திரும்பலாம். திடல் என்பது இரவுக்காக ஏற்பட்டது. அதைத் தேர்வதற்குரிய அளவுகோலும் இரவையே முதன்மையாகக் கொண்டிருக்க வேண்டும் என்று சொல்வது மிகையாகாது. ஆயினும், பதிவு செய்வோன் பார்க்கும் நிழற்படம் பகலில் எடுக்கப்பட்டது; வரைபடமோ நீரையும் கழிப்பறையையும் காட்டுமேயன்றி ஒலியைக் காட்டாது.

பாராபூவின் சுற்றுப்புறத்தை இந்நோக்கில் மீண்டும் பார்த்தால் திடல்களின் தராதரம் மாறிவிடுகிறது. டெவில்ஸ் லேக்கின் கிழக்குக் கரை வழியே 1873-இல் போட்ட பாதையில் இன்றும் சரக்கு ரயில் ஓடுகிறது. பாறைச் சுவர்களுக்கு நடுவே அதன் ஓசை எதிரொலித்துப் பெருகும். மிர்ரர் லேக்குக்கும் ராக்கி ஆர்பருக்கும் அருகே 90, 94 எண்ணுள்ள பெருநெடுஞ்சாலை செல்கிறது. பகலில் குழந்தைகளின் கூச்சலில் அமிழ்ந்துவிடும் அதன் இரைச்சல், காற்று அடங்கிய இரவில் மரங்களுக்கிடையே தெளிவாக வந்து சேரும். கழிப்பறைக்கு அண்மையிலுள்ள மனை முதியோருக்கும் சிறுவருக்கும் சௌகரியமானது என்பதில் ஐயமில்லை. அதே மனையில் விளக்கொளியும் கதவோசையும் கைவிளக்கு வீசிச் செல்வோரின் காலடியும் விடியும்வரை ஓயமாட்டா. ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் ஏறத்தாழ எட்டே முக்கால் மணிக்கு மறைந்து, காலை ஐந்தரைக்கு முன்னரே உதித்துவிடுகிறது. மாநிலப் பூங்காக்களில் இரவு பதினொரு மணிக்குத்தான் மௌன நேரம் தொடங்குவதால், சட்டம் காக்கும் மௌனமும் இயற்கை தரும் இருளும் ஒன்றுகூடி நிற்பது ஆறரை மணி நேரத்துக்கும் குறைவு. இந்நிலையில், கிழக்கே மரச்செறிவுள்ள மனை, விடியல் வெயிலைச் சற்றுத் தடுத்து, உறக்கத்தை ஒரு மணி நேரமாவது நீட்டித் தரும்.

நீரருகே உள்ள மனையைப் பற்றிய பொது அபிப்பிராயமும் மறுபரிசீலனைக்கு உரியது. கோடைகாலத்து நடுமேற்குப் பிரதேசத்தில் இடியோடு கூடிய பெருமழை பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் வருகிறது. பள்ளமான மனை பகலில் நிழலும் தண்மையும் உடையதாய்த் தோன்றும். இரவில் குளிர்ந்த காற்றும் பனித்துளியும் அங்கேதான் தேங்கும், மழைநீர் அங்கேதான் சேரும். 2008-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள், பெருமழையினால் கரை உடைந்து, பாராபூவுக்கு வடக்கே உள்ள லேக் டெல்டன் என்னும் செயற்கை ஏரி முழுவதும் சில மணி நேரத்தில் விஸ்கான்சின் ஆற்றில் வடிந்துபோயிற்று. வீடுகளும் அடித்துச் செல்லப்பட்டன. அதை எல்லாத் திடல்களுக்கும் நிரூபணமாகக் காட்டுவது பொருந்தாது. ஆயினும் அப்பிரதேசத்தில் நீர் எவ்வளவு விரைவில் தன் குணத்தை மாற்றிக்கொள்ளும் என்பதற்கு அது சாட்சி.

தலைக்கு மேலே பார்ப்பதும் அவசியம். எமரால்டு ஆஷ் போரர் எனப்படும் பச்சை வண்டு 2002-இல் டெட்ராய்ட் நகருக்கு அருகே கண்டறியப்பட்டு, 2008-இல் விஸ்கான்சினில் தென்பட்டது. அது துளைத்துப் பட்டுப்போன ஆஷ் மரங்கள் காற்றடிக்கும் இரவில் கிளைகளை உதிர்க்கக்கூடும். விறகைப் பத்து மைலுக்கு அப்பாலிருந்து மாநிலப் பூங்காவுக்குக் கொணரலாகாது, சான்று பெற்ற விறகு மட்டுமே விலக்கு என்னும் விதி, இத்தகைய பூச்சிகள் விறகோடு பிரயாணம் செய்வதைத் தடுக்கவே ஏற்பட்டது. மான் உண்ணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பரப்பும் லைம் நோய்க்கு உரிய வட்டச் சிவப்புத் தடிப்பு அமெரிக்காவில் முதன்முதலாக மருத்துவ இதழில் பதிவானது, 1970-இல், விஸ்கான்சினில் வேட்டைக்குச் சென்ற ஒருவரிடம் கண்டதே. உயர்ந்த புல்லும் சருகும் மனையின் விளிம்பிலேயே தொடங்கும் தனிமையான இடங்களில் இவ்வபாயம் சற்று அதிகம். வனவாதிகளின் பரிந்துரைக்குப் பக்கத்தில் இக்குறிப்பையும் எழுதி வைக்க வேண்டும்.

இவற்றிலிருந்து பெறப்படுவது, திடலைத் தேர்வதைக் காட்டிலும் மனையைத் தேர்வதே உண்மையான தேர்வு என்பதாகும். ஒரே பூங்காவில், ஏரிக்கு அண்மையிலுள்ள குவார்ட்சைட் திடலின் திறந்த மனைக்கும், மரச்செறிவு மிகுந்து சற்று விலகி நிற்கும் ஐஸ் ஏஜ் திடலின் கடைக்கோடி மனைக்கும் இடையே உள்ள வேறுபாடு, இரண்டு வேறு பூங்காக்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கலாம். இக்கருத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. இரவின் குணத்தை அங்கே ஓர் இரவு தங்கியவனே அறிவான். முதன்முறை செல்வோனுக்கு இவ்வளவுகோல் பயன்படும் அளவு குறைவே.

தீராத வினாக்கள்

அப்பகுதியின் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்கள் டெவில்ஸ் லேக் ஏரிக்கு வழங்கிய பெயர் புனிதம் என்னும் பொருளைத் தாங்கியது; பின்னர் குடியேறியோர் அதைப் பிசாசின் ஏரி ஆக்கினர். 1837-ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் அம்மக்கள் தம் நிலத்தை இழந்தும், மீண்டும் மீண்டும் வெளியேற்றப்பட்டும், பலர் திரும்பி வந்து அம்மாநிலத்திலேயே வாழ்கின்றனர். பறவை, கரடி முதலிய உருவங்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் எழுப்பப்பட்ட மண்மேடுகள் இன்றும் ஏரியருகே இருக்கின்றன. எங்கே தங்குவது என்ற கேள்விக்கு விடையளித்த மரே முதல் சமூகவியலார் வரை எவரும், எங்கே தங்கலாகாது என்பதை அம்மக்களிடமிருந்து கேட்டறிய வேண்டும் என்று எண்ணியதாகத் தெரியவில்லை. இக்கேள்வி இப்போதுதான் மெல்ல எழுந்து வருகிறது. அதற்கான விடை திடல்களின் வரைபடத்தை எவ்வளவு மாற்றும் என்று இப்போது கூறுவது அவசரமாகும்.

பதிவு முறையில் ஒரு பங்கு மனைகளை அன்றன்று வருவோருக்கென ஒதுக்கிவைப்பது தொழிலாளர் குடும்பங்களுக்கு உதவுமா, அல்லது நெடுந்தூரம் வந்து இடமின்றித் திரும்பும் ஏமாற்றத்தையே பெருக்குமா என்பது விவாதத்துக்குரியது. மைனெக்கியின் வளையத்தைத் தளர்த்தி மனைகளை விலக்கி வைத்தால் உறக்கம் நலம்பெறும்; ஆனால் மிதிபடும் நிலம் விரியும், மனைகளின் எண்ணிக்கையும் குறையும். இவ்விரண்டில் எதை விட்டுக்கொடுப்பது என்பதைத் தாவர நூல் மட்டும் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொரு மனைக்கும் நிழலின் அளவையும் மின்சார வசதியையும் குறித்துவைக்கும் பட்டியலில், நள்ளிரவில் அங்கே என்ன கேட்கும் என்பதையும் ஒரு வரியாகச் சேர்ப்பது இயலாத காரியம் அன்று. ரயிலின் நேரமும் நெடுஞ்சாலையின் திசையும் அறியக்கூடியவையே. எனினும் அப்படியொரு வரியைச் சேர்த்தால், மௌனமான மனைகள் முதலில் பதிவாகி, எஞ்சியவை பின்வருவோருக்கு விடப்படும். அந்தப் பின்வருவோர் யார் என்பதை மேலே கண்டோம்.